ஆறுதலாகப் பூட்டிய வால்வு

நான் முதன்முதலாகக் கடல் தாண்டியது மூன்று ரப்பர் உருளைகளுக்குக் காவலாக. ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம், தொடைப் பருமன், கரிக் கறுப்பு. கொழும்பில் சுங்க மேசைமேல் அவற்றைக் கிடத்தியபோது வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"இது என்ன சாமான்?" என்று அதிகாரி தமிழிலேயே கேட்டார்.

"பாறையோட அழுத்தத்தை அளக்கறதுக்குங்க."

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அந்த மேசை சிரித்தது. அதற்கடுத்த மேசையும் சிரித்தது. எங்களை அழைத்துப்போக வந்திருந்த டிரைவர் ஜீப்பில் ஏறிய பிறகுதான் எனக்கு அர்த்தம் சொன்னார்: "இந்தியாவில கல்லுக்கும் பிரஷர் வந்திட்டுதாம்."

பக்கத்தில் இருந்த மூர்த்தி சார் சிரிக்கவில்லை. அவர் என் மேலதிகாரி, எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாறைப் பிரிவின் தலைவர். நான் அங்கே சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தகுதிகாண் பருவம் முடிய இன்னும் நாலு மாதம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதால், அந்த நாலு மாதத்தை நாலு வருஷம் போல எண்ணிக்கொண்டிருந்தேன்.

திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கண்டி வீதியில் போனால் கப்பல்துறை. அதற்கு உள்ளே தள்ளி ஒரு குன்று. அதைக் குடைந்து எண்ணெய் சேமிக்க அறைகள் வெட்டலாமா என்று யாரோ திட்டம் போட்டிருந்தார்கள். வெட்டுவதற்கு முன்னால் பாறை எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியது எங்கள் வேலை.

நிலத்துக்கு அடியில் பாறை சும்மா கிடக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் தங்கச் சுரங்க ஊரான தங்கவயலில் பிறந்தவன், எனக்கு அப்படி நினைக்க வராது. எங்கள் தொழிலாளர் லைன் வீட்டில் சில நாள் திடீரென்று தட்டுகள் எல்லாம் குலுங்கும். அம்மா தட்டுகளைப் பார்க்கமாட்டாள், கடிகாரத்தைப் பார்ப்பாள். அப்பாவின் ஷிப்டா, இல்லையா? பூமிக்குள் பாறையை நாலு பக்கமும் ஏதோ ஒன்று நெருக்கிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒரு குகை வெட்டினால் அந்த நெருக்கம் முழுவதும் குகையின் சுவருக்கு வந்து சேரும். சுவர் தாங்கவில்லை என்றால் வெடித்துச் சிதறும். உள்ளே ஆள் இருக்கிறானா என்று அது பார்க்காது.

அளக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் இதில்தான் இருக்கிறது. குன்றின் உச்சியிலிருந்து ஆழமாக ஒரு துளை போட்டு, அதற்குள் இரண்டு ரப்பர் உருளைகளை (மூன்றாவது உபரிக்கு) மேலும் கீழுமாக இறக்கி ஊதிப் புடைக்க வைத்தால், நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு தனியாக அடைபடும். அதற்குள் பம்பால் தண்ணீரை அழுத்த வேண்டும். அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் பாறை விரியும். அந்த நொடியில் பம்பை நிறுத்தி வால்வை அடைத்துவிட வேண்டும். உள்ளே அகப்பட்ட தண்ணீரின் அழுத்தம் முதலில் சரசரவென்று இறங்கும். பிறகு ஓரிடத்தில் மடங்கி மெதுவாக இறங்கும். விரிசலை மூடப் பார்க்கிற பாறையின் பலம் எவ்வளவு என்பது அந்த மடக்கில் இருக்கிறது. வரைதாளில் அது முழங்கை மாதிரித் தெரியும். நாங்கள் கடல் தாண்டி வந்தது அந்த ஒரு முழங்கைக்காக.

மூர்த்தி சார் வேலையாகக் கொழும்பில் தங்கிவிட்டார். திருகோணமலையில் முதல் நாள் காலை நான் மட்டும் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் இடியாப்பம் பண்டிகைப் பலகாரம். இங்கே அது காலையில் தட்டுத் தட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. இடியப்பத்தின்மேல் ஊற்றிக்கொள்ள வேண்டிய தேங்காய்ப்பால் சொதியை ரசம் என்று நினைத்துத் தனியாகக் குடித்துவிட்டேன். கடைக்கார அக்கா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "இந்தியாவோ?" என்றார்.

"ஆமாங்க."

"குடிக்கிற விதத்திலயே தெரியுது. அவசரப்படாதையுங்கோ தம்பி, ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

வீட்டை விட்டு வந்து நாலு நாள், இந்த அம்மாளுக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஆறுதல் சொல்கிறாரே! அன்று வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், இங்கே முன்பின் தெரியாதவர்கள்கூட ஆறுதலாகப் பேசுகிறார்கள், கவலைப்பட வேண்டாம் என்று எழுதினேன். அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது. அதைப் படிக்க எனக்குக் கூசும்.

மறுநாள் குன்றுக்குப் போனேன். துளைகள் ஐந்தும் முன்பே போட்டு முடித்திருந்தார்கள். உச்சியில் பம்பு. வெயிலும் தூசியும் வரைகருவிக்கு ஆகாது என்று நாற்பது அடி கீழே மரத்தடியில் ஒரு கூடாரம் அடித்திருந்தார்கள். அங்கே நான். பம்பு நல்லதம்பியிடம்.

நல்லதம்பிக்கு நாற்பது வயது இருக்கும். கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் கட்டைபறிச்சானைச் சேர்ந்தவர். துறைமுகத்தில் கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகளில் பல வருஷம் கூலியாக நின்றவர். எந்த எஞ்சினையும் காதால் கேட்டே நோய் சொல்லுவார். இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் அவரை நிரந்தரமாக்குவதாகக் கந்தோரில், அதாவது திட்ட அலுவலகத்தில், சொல்லியிருந்தார்கள். அவரே முதல் நாள் சொன்னார், கேட்காமலே சொன்னார்.

"நிரந்தரம் எண்டால் ரவுணில குவாட்டஸ் வீடு கிடைக்கும் சேர். என்ர மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பாஸ் பண்ணியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் லோஞ்சில குடாவைத் தாண்டி வந்து போக ஏலாது. குடா பொங்கினால் மூண்டு நாள் லோஞ்சே ஓடாது. குவாட்டஸ் கிடைச்சால் நடந்து போவாள்."

"நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க அண்ணே?"

"நான் பம்பு படிச்சனான்" என்று சிரித்தார்.

அவரிடம் வேலையை விளக்கினேன். பாறை விரிந்ததும் நான் விசில் அடிப்பேன். பம்பை நிறுத்தி வால்வை அடைக்க வேண்டும். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு வால்வின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு ஒன்று கேட்டார்:

"கெதியாப் பூட்டுறதோ சேர், ஆறுதலாப் பூட்டுறதோ?"

பூட்டுவது என்றால் அடைப்பது என்று எனக்கு அதற்குள் பழகியிருந்தது. கதவைக்கூட இங்கே பூட்டத்தான் செய்வார்கள். 'கெதி' என்ற சொல்தான் இடித்தது. எங்கள் வீட்டில் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு "என் கெதி இப்படியா ஆகணும்" என்பாள். அதுதான் எனக்குத் தெரிந்த கெதி. பாவம், இவ்வளவு அழுத்தத்தைப் பார்த்து மனுஷன் பயப்படுகிறார், என்ன கதியாகுமோ என்று கேட்கிறார் என்று நினைத்தேன்.

"ஆறுதலா பூட்டுங்க அண்ணே" என்றேன். அவர் தோளில் கையும் வைத்தேன். "ஒண்ணும் ஆகாது. ஆறுதலா பூட்டுங்க."

"ஓம், அதுதான் நல்லது. நாங்களும் கப்பல் லைனில அப்பிடித்தான்" என்றார்.

அவருடைய மொழியிலேயே அவருக்குத் தைரியம் சொல்லிவிட்டேன் என்று எனக்கு அன்று முழுவதும் பெருமையாக இருந்தது.

வேலை நன்றாகவே போனது போலத்தான் இருந்தது. பம்பு முழங்கும். வரைகருவியின் பேனா ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு பொத்தென்று விழும். நான் விசில் அடிப்பேன். மேலே பம்பு நிற்கும். அந்த அமைதியில் குரங்குகள் மரத்திலிருந்து இறங்கி வரும். பேனா சறுக்கு மரத்தில் இறங்கும் குழந்தை போல வழுவழுவென்று கீழே வந்து சேரும்.

முழங்கை இல்லை.

இரண்டாம் துளையிலும் இல்லை. மூன்றாம் துளையிலும் இல்லை. இங்கேயுள்ள பாறை அப்படியோ என்று நினைத்தேன். நான் வாங்கிய பட்டத்துக்கு முழங்கை இல்லாத பாறையும் இருக்கலாம் என்றுதான் பட்டது.

மதியத்தில் நல்லதம்பி என்னையும் கூப்பிட்டு வைத்துத் தன் பொட்டலத்தைப் பிரிப்பார். பிட்டு, மீன் குழம்பு, ஒரு வாழைப்பழம். பிட்டும் வாழைப்பழமும் சரி, பிட்டும் மீனும் வாழைப்பழமும் ஒன்றாகப் பிசைவதை நான் முதல் நாள் நம்பவில்லை. மூன்றாம் நாள் நானும் பிசைந்தேன். துளை போட வந்திருந்த ஆட்கள் என்னைக் 'கல்லு டொக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

"டொக்டர், கல்லுக்கு இண்டைக்கு எப்பிடி?"

"உப்பைக் குறைக்கச் சொல்லுங்கோ டொக்டர்!"

நல்லதம்பி அவர்களை அதட்டுவார். "தம்பி படிச்ச பிள்ளை. பகிடிக்கும் ஒரு அளவு இருக்கு." நாலாம் நாளே சேர் போய்த் தம்பி ஆகியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு மதியம் அவரிடம் என் படிப்புக் கதையைச் சொன்னேன். அப்பா தங்கவயலில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மணியடிக்கும் வேலையில் இருந்தார். எத்தனை மணி அடித்தால் சுரங்கத்து ஆள் கூண்டு ஏறும், எத்தனை அடித்தால் இறங்கும் என்று ஒரு கணக்கு. ஒரு நாள் ஏதோ தவறு நடந்தது. ஆள் யாரும் சாகவில்லை. ஓர் ஆங்கிலத் தாளில் அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். "அவன் சொன்னதத்தான் செஞ்சேன்" என்பார் அப்பா. அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்தத் தாளின் பிரதியை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். நான் பள்ளியில் சேர்ந்தது அதைப் படித்துச் சொல்லத்தான். பன்னிரண்டாம் வயதில் அகராதியை வைத்துக்கொண்டு படித்துச் சொன்னேன்: 'கொடுத்த பணிப்புரையின்படி நடக்கவில்லை.'

"அவ்வளவுதானோ?" என்றார் நல்லதம்பி.

"அவ்வளவுதான் அண்ணே. ஒரு வரி."

"ஒரு வரி" என்று சொல்லிக் கையைக் கழுவப் போனார். திரும்பி வந்து, "என்ர பிள்ளையும் படிக்கட்டும். எங்கட வீட்டுக்கும் ஒரு ஆள் வேணும், தாளைப் படிக்க" என்றார்.

அந்த வாரக் கடைசியில் கொழும்பில் வேலையை முடித்துக்கொண்டு மூர்த்தி சார் வந்தார். வரைதாள்களைக் கூடாரத்து மேசைமேல் விரித்தார். ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வால்வு அடைக்கவே இல்லை" என்றார்.

"அடைச்சார் சார். நான் விசில் அடிச்சதும்..."

"அடைச்சா முழங்கை எங்கே? பம்பு நின்னதும் தண்ணி பம்பு வழியாத் திரும்பி ஓடியிருக்கு. இவன் நிதானமாத் திருகிக்கிட்டு நின்னிருக்கான். அஞ்சு துளை, அத்தனையும் குப்பை. உடனே அடைக்கணும்னு நீ சொல்லலையா?"

"சொன்னேன் சார்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. சொன்னேன் என்றுதான் நினைத்தேன். உடனே என்ற சொல்லை வாயால் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப எழுது."

எழுதினேன். ஆங்கிலத்தில், நல்ல கையெழுத்தில். சோதனைகள் பயனற்றுப் போனதன் காரணம்: பம்பு இயக்குநர், கொடுத்த பணிப்புரையின்படி நடக்கவில்லை. அந்த வரியை எழுதும்போது என் கை நிற்கவில்லை. பழக்கப்பட்ட வாக்கியம், தானாக வந்தது.

மறுநாளே அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கந்தோருக்குப் போகாமல் முதலில் என் கூடாரத்துக்குத்தான் வந்தார்.

"தம்பி, நான் என்ன பிழை விட்டனான்?"

"சொன்னபடி அடைக்கலையே அண்ணே."

"நீங்கள் சொன்னபடிதானே பூட்டினனான்?"

"இல்லண்ணே. வரைதாள் காட்டுது."

அவர் வரைதாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு குன்றிலிருந்து இறங்கிப் போனார். பிடிவாதக்காரர், செய்த தவறை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். வருத்தமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

புதிதாக வந்த பம்புக்காரர் சிங்களவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. நான் விசிலை ஊதிக் காட்டினேன், வால்வைக் காட்டினேன், 'குயிக்' என்றேன், உள்ளங்கையில் ஓங்கி ஒரு அடி அடித்துக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தன் உள்ளங்கையிலும் ஓர் அடி அடித்தார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதே துளைகளில் அதே விரிசல்களை மறுபடி திறந்தோம். முதல் சோதனையிலேயே பேனா சரசரவென்று இறங்கியது, மடங்கியது, மெல்ல நடந்தது. அவ்வளவு அழகான முழங்கையை நான் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒரு சொல்லும் பொதுவாக இல்லாத இரண்டு பேர் ஒரு பிழையும் விடாமல் வேலையை முடித்தோம்.

ஐந்தாம் துளை முடிந்த மறுநாள் காலை வேலைக்கு விடுமுறை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவரலாம் என்று கிளம்பினேன். பஸ்ஸைக் காணோம். அதே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஒரு பிளேன்ரீ, பால் விடாத தேநீர், வாங்கினேன். அரை மணி போயிற்று. எழுந்து எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

"என்னத்துக்குத் தம்பி ஓடித் திரியிறீங்கள்?" என்றார் அக்கா. "இருங்கோ. அந்த பஸ் ஆறுதலாத்தான் வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பஸ் எப்படி அக்கா ஆறுதலா வரும்? அதுக்கு யாரு செத்தா?"

அவர் குசினி வாசலில் நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஆர் சாக வேணும்? ஆறுதலா எண்டால் மெல்ல. பிந்தி. ஆறி அமர வரும் எண்டு சொல்லுறன்."

"அப்ப முதல் நாள் என்னை ஆறுதலா சாப்பிடச் சொன்னீங்களே?"

"விக்கப்போகுது, மெல்லச் சாப்பிடுங்கோ எண்டு சொன்னனான். நீங்கள் சொதியை மடக்கு மடக்கெண்டு குடிச்சனீங்கள்."

பிளேன்ரீ கையில் சுட்டது. கிளாஸைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"கெதியான்னா என்ன அக்கா?"

"கெதியா எண்டால் கெதியாத்தான். உடன. சடக்கெண்டு." அவர் விரலைச் சொடுக்கிக் காட்டினார்.

கெதியாப் பூட்டுறதோ, ஆறுதலாப் பூட்டுறதோ? சடக்கென்று அடைப்பதா, மெல்ல அடைப்பதா? இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் கேட்க முடியாது. நான் நாலு வருஷம் பொறியியல் படித்துவிட்டு மறந்ததை அவர் கேட்டிருந்தார். நான் அவர் தோளில் கை வைத்து, மெல்ல அடை, மெல்ல அடை என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன். பெரிய எண்ணெய்க் குழாயில் வால்வைச் சடக்கென்று அடைத்தால் குழாய் வெடிக்கும். அங்கே மெல்லத்தான் அடைப்பார்கள். அதனால்தான் அவருக்குச் சந்தேகமும் வரவில்லை. ஐந்து துளையிலும் விசில் கேட்டதும், நான் சொன்ன சொல்லுக்குச் சிறிதும் பிசகாமல், அந்த மனிதர் மெல்ல மெல்லத் திருகியிருக்கிறார்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

மூர்த்தி சார் தங்கியிருந்த விடுதிக்கு நடந்தேன். அவர் வராந்தாவில் கதிரையில் சாய்ந்து புதிய வரைதாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு நன்றாகச் சிரித்தார்.

"ஆறுதலா! பிரமாதம். ஊருக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லணும்."

"சார், அந்தக் குறிப்பை மாத்தணும்."

சிரிப்பு நின்றது. "எதை மாத்தறது? தப்பான பணிப்புரை கொடுத்தது நாங்கதான்னு எழுதச் சொல்றியா? உன் தகுதிகாண் அறிக்கையும் நான்தான் எழுதணும்ப்பா. அதுல நான் என்ன எழுத? தமிழ் தெரியாதுன்னா?" வரைதாளைச் சுருட்டினார். "அந்த ஆள் கைக்கு வேலை தெரியும். வேற எங்கயாவது நிப்பான். நீ நிப்பியா?"

நான் வராந்தாவிலிருந்து இறங்கிவிட்டேன். அதுவும் ஒரு பதில்தான் என்று இருவருக்கும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, நல்லதம்பியைத் தேடி, குடாவுக்கு அக்கரைக்குப் போகிற மூதூர் லோஞ்சில் ஏறினேன். கோழிகள், சைக்கிள்கள், ஒரு தையல் மெஷின், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், நிறைய வெற்றிலை. குடாவின் நடுவில் எஞ்சின் இருமியது, பிறகு நின்றது. லோஞ்சு அலையில் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. ஒரு பெண் கோழியை மடியில் இறுக்கிக்கொண்டு வாந்தி எடுத்தாள். எஞ்சினைத் திறந்து குனிந்தவனைப் பார்த்து ஒரு கிழவர் கத்தினார்:

"நல்லதம்பி இருந்தால் காதை வைச்சுப் பாத்தே சொல்லியிருப்பான்! நீ என்னடா தட்டிக்கொண்டு நிக்கிறாய்?"

"நல்லதம்பியைக் கந்தோரில கலைச்சுப்போட்டாங்களாமே?" என்றார் ஆசிரியர்.

"ஓம். ஆரோ இந்தியாப் பொடியன் எழுதிக் குடுத்தவனாம்."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாறை அழுத்தத்துக்கு மானி உண்டு. இதற்கு இல்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எஞ்சின் உயிர் பெற்றது. மூதூரில் இறங்கி, கட்டைபறிச்சானுக்குப் போகிற ஒருவரின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் வயலும் சேறும். அவர் என்னிடம் யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வேகமாக மிதித்தார்.

நல்லதம்பி வீட்டு வாசலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார். மனைவியிடம் தேநீர் போடச் சொன்னார். கதிரை கொண்டுவந்து போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் என்ன, கெதி என்றால் என்ன, நான் எப்படிக் கேட்டேன், எப்படிச் சொன்னேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "நீங்கள் ஆறுதலா எண்டு ரெண்டு தரம் சொன்னனீங்கள். எனக்கு ஞாபகம் இருக்கு. கந்தோரிலயும் சொன்னனான்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் எழுதினது தாளில, இங்கிலீசில. நான் சொன்னது வாயால." கையிலிருந்த வலையை ஓரமாக வைத்தார். "அப்ப தம்பி, இப்ப உங்களுக்கு விளங்கியிருக்கு. அதைத் தாளில எழுதித் தாங்கோ. இங்கிலீசில. நாளைக்கே கொண்டுபோய்க் குடுக்கிறன். பள்ளிக்கூடம் துவங்க இன்னும் ரெண்டு கிழமை, பதினாலு நாள், கிடக்கு."

உள்ளே பார்த்து, "பிள்ளை!" என்று கூப்பிட்டார்.

அவர் மகள் வந்தாள். பதினொரு வயது இருக்கும். யாரும் சொல்லாமலே கையில் கொப்பியும் பேனாவும் கொண்டுவந்திருந்தாள். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். புதிய கொப்பி, மேலே அவள் பெயரும் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தின் பெயரும் முன்கூட்டியே எழுதியிருந்தன. முதல் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் கதிரைமேல் வைத்தாள்.

பேனாவை எடுத்தேன். எழுத வேண்டியது ஒரு வரிதான். பிழை என்னுடையது, பணிப்புரையின்படியே அவர் நடந்தார். கீழே என் பெயர், என் பதவி. அந்தப் பதவியை எழுதும்போது மூர்த்தி சாரின் வராந்தா நினைவுக்கு வந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. டிரங்குப் பெட்டித் தாள்கூட நினைவுக்கு வந்தது. அது வந்துமா என்று கேட்பீர்கள். வந்தது. அப்பா இருந்த இடத்தில் இந்த மனிதர் நிற்பதும், அந்த ஒப்பந்தக்காரர் உட்கார்ந்த இடத்தில் நான் பேனாவோடு நிற்பதும் பட்டப்பகல் போலத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன்:

"அண்ணே, பள்ளிக்கூட நோட்டுல எழுதினா கந்தோர்ல எடுத்துக்க மாட்டாங்க. ஊருக்குப் போனதும் ஆய்வுக்கூடத் தாளிலேயே டைப் அடிச்சு, முத்திரையோட அனுப்பிடறேன். அதுக்குத்தான் மதிப்பு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானே ஒரு நிமிடம் நம்பினேன்.

நல்லதம்பி என் முகத்தைப் பார்த்தார். எஞ்சின் பக்கம் காதைச் சாய்ப்பாரே, அப்படித் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அவருக்கு நோய் தெரிந்துவிட்டது. மகளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, மூடியைப் போட்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தேநீர் வந்தது. குடித்தேன். அவர் ஒழுங்கை என்கிற அந்தச் சந்தின் முனை வரை வந்து, மூதூர்ப் பக்கம் போகிற ஒரு மாட்டுவண்டியை மறித்து என்னை ஏற்றிவிட்டார். வண்டி கிளம்பியதும், "கண்டிப்பா எழுதறேன் அண்ணே" என்றேன்.

"ஓம்" என்றார். "ஆறுதலா எழுதுங்கோ, சேர்."

ஆறுதலாகத்தான் எழுதினேன். நாலு மாதம் கழித்து, வேலை நிரந்தரமான மறுநாள், ஆய்வுக்கூடத் தாளில், முத்திரையோடு. பதில் கெதியாக வந்தது. குன்றுத் திட்டம் கைவிடப்பட்டது, அந்தப் பதவி இப்போது இல்லை என்று இருந்தது. ஒரு வரி.